சம்பளத்தில் பிடித்த பி.எஃப். கணக்கில் ஏறியிருக்கிறதா?

பி.எஃப். என்பது வருங்கால வைப்பு நிதி. சம்பளச் சீட்டில் "பி.எஃப். 1,680" என்று அச்சாகியிருந்தால், அந்தப் பணம் உங்கள் கைக்கு வரவில்லை என்பது மட்டும்தான் உறுதி. பி.எஃப். அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தச் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி, வேலையை விட்ட பிறகோ மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதோதான் நிறையப் பேர் பாஸ்புக்கை முதன்முதலாகத் திறக்கிறார்கள். அப்போதுதான் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் காலியாகக் கிடப்பது தெரிகிறது. அதற்குள் அன்றைக்கு இருந்த ஹெச்.ஆர். வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், சம்பளச் சீட்டும் கையில் இருக்காது.

தையல் கம்பெனி, நூற்பாலை, தனியார் பள்ளி, மருத்துவமனை, செக்யூரிட்டி ஏஜென்சி, துப்புரவு காண்ட்ராக்ட் என்று எங்கே வேலை பார்ப்பவராக இருந்தாலும், பி.எஃப். பற்றி ஒன்றுமே தெரியாதவர் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பணம் எப்படிப் போக வேண்டும், போகவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் யாரிடம் எப்படிப் போவது என்பதுதான் விஷயம்.

பணம் போக வேண்டிய வழி

ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் பெண்ணுக்கு பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து மாதம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய், அவர் பங்கு. கம்பெனியும் தன் கைக்காசிலிருந்து இன்னொரு 1,680 ரூபாய் போட வேண்டும். கம்பெனி போடும் தொகை இரண்டாகப் பிரியும். சம்பளத்தில் 8.33 சதவீதமான 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி 514 ரூபாய் பி.எஃப். கணக்கில் சேரும். இது போக, காப்பீட்டுக்கு அரை சதவீதத்தையும் நிர்வாகக் கட்டணத்தையும் கம்பெனி தனியாகக் கட்டும். அந்தச் செலவில் ஒரு ரூபாயைக்கூடத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது.

ஆக, அந்தப் பெண்ணின் பேரில் மாதம் 3,360 ரூபாய், வருடத்துக்கு 40,320 ரூபாய் போய்ச் சேர வேண்டும். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். மார்ச் மாதப் பணத்துக்கு ஏப்ரல் 15தான் கடைசி நாள்.

விதி இன்னொன்றும் சொல்கிறது. இரண்டு பங்கையும் முதலில் கட்ட வேண்டியது முதலாளிதான். கட்டிவிட்டு, தொழிலாளியின் பங்கை அந்த மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். "அப்போது பிடிக்கத் தவறிவிட்டோம், இப்போது ஆறு மாதத்துக்கும் சேர்த்துப் பிடிக்கிறோம்" என்று வந்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. சம்பளம் கொடுத்தபோது பிடிக்காமல் விட்ட பங்கைப் பின்னால் வரும் சம்பளத்தில் எடுக்க முதலாளிக்குப் பொதுவாக உரிமை கிடையாது. அந்தப் பங்கையும் அவர் கையிலிருந்துதான் போட வேண்டும்.

போனால் என்ன போகும்

"எனக்குச் சேமிப்பு வேண்டாம், கையில் கொடுத்தால் போதும்" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் திண்டாடும் வீட்டில் அது நியாயமான பேச்சுதான். ஆனால் பி.எஃப். என்பது வெறும் சேமிப்பு மட்டும் கிடையாது. அதே செலுத்துகையில் ஓய்வூதியமும் இருக்கிறது, குடும்பத்துக்கான காப்பீடும் இருக்கிறது.

1995 நவம்பர் 16 முதல் நடந்துவரும் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுச் சேவை வேண்டும். கணக்கிடும் முறை எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். நம் தையல் தொழிலாளிக்கு 18 ஆண்டுச் சேவை இருந்தால் 14,000 × 18 ÷ 70, அதாவது மாதம் 3,600 ரூபாய். நடுவில் மூன்று வருடம் கணக்கில் ஏறாமல் போய், அது சேவையாக எண்ணப்படவில்லை என்றால் 3,000 ரூபாய்தான். மாதாமாதம் 600 ரூபாய் ஆயுளுக்கும் குறையும். ஏழெட்டு வருடம் மட்டுமே பதிவாகியிருப்பவருக்கு ஓய்வூதியமே கிடையாது. போட்டது வரைக்கும் ஒரு தொகை கிடைக்கும், அவ்வளவுதான். திட்டத்தின் விதிப்படி, முதலாளி கட்ட வேண்டியிருந்து கட்டாத காலமும் சேவைதான். ஆனால் அலுவலகக் கணினியில் இல்லாத மாதங்களில் வேலை பார்த்தேன் என்று 58 வயதில் போய் நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான்.

காப்பீடு இன்னும் நெருக்கமான விஷயம். வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பணம் கட்டாமல் இழுத்தடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர் இறந்தால், அவர் மனைவி அந்தத் தொகைக்காக அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு முறை பாஸ்புக்கைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

"உனக்கு பி.எஃப். கிடையாது" என்றால்

இருபது பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடம் பி.எஃப். சட்டத்துக்குள் வரும். காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பேசிக்கும் டி.ஏ.வும் 15,000 ரூபாய்க்குள் இருப்பவரை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உறுப்பினராக்க வேண்டும். 2014 செப்டம்பர் முதல் இந்த வரம்பு இருக்கிறது. "மூன்று மாதம் போகட்டும்", "பெர்மனென்ட் ஆனால் போடுகிறோம்", "வாரச் சம்பளக்காரர்களுக்குக் கிடையாது" என்பதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. அப்ரன்டிஸ் சட்டப்படி பதிவான பயிற்சியாளர்தான் விதிவிலக்கு. சும்மா "டிரெய்னி" என்று அட்டை மாட்டிவிட்டு முழு உற்பத்தி வேலை வாங்கினால் அந்த விலக்கு பொருந்தாது. முன்பே பி.எஃப். உறுப்பினராக இருந்தவர் 15,000க்கு மேல் சம்பளத்தில் புதுக் கம்பெனியில் சேர்ந்தாலும் தொடர வேண்டும்.

அடுத்தது, சம்பளத்தைத் துண்டு போடுவது. 14,000 ரூபாய் சம்பளத்தை 6,000 பேசிக், 8,000 "ஸ்பெஷல் அலவன்ஸ்" என்று எழுதி, 6,000க்கு மட்டும் பி.எஃப். கட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் இப்படிப்பட்ட படியையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. விலக்கு அளிக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும்.

"பி.எஃப். வேண்டாம் என்று எழுதிக் கொடு, அந்தப் பணத்தைக் கையிலேயே தருகிறேன்" என்று சொல்லும் முதலாளிகளும் உண்டு. சட்டம் கொடுத்த உரிமையை இப்படி ஒரு தாளில் எழுதி விட்டுக்கொடுக்க முடியாது. நெருக்கடியில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவர் பொறுப்பு தீராது. புகார் கொடுக்க அது தடையும் ஆகாது.

பாஸ்புக்கைப் பார்ப்பது எப்படி

உங்களுக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் இருக்கும். கம்பெனி மாறினாலும் அது மாறாது. சம்பளச் சீட்டில் பாருங்கள், இல்லையென்றால் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். அந்த எண்ணுடன் உங்கள் மொபைல் எண் பதிவாகியிருந்தால், அதிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். கடைசியாக வந்த தொகையும் மொத்த இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் மாதவாரியாகப் பார்க்க பாஸ்புக் வேண்டும். அரசின் உமங் செயலியிலோ பி.எஃப். இணையதளத்தின் பாஸ்புக் பக்கத்திலோ யு.ஏ.என்.னைக் கொடுத்து உள்ளே போகலாம். திறந்ததும் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்திப்பட்டு மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஒரு வரியில் எந்த மாதச் சம்பளத்துக்கான பணம், எந்தத் தேதியில் வரவானது, கம்பெனி காட்டிய சம்பளம் எவ்வளவு, உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று இருக்கும்.

பார்க்க வேண்டியது மாதங்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா என்பதை. ஜூனுக்குப் பிறகு செப்டம்பர் வந்தால் நடுவில் இரண்டு மாதம் போகவில்லை. பிறகு, காட்டிய சம்பளத்தைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சீட்டில் 14,000க்குப் பிடித்துவிட்டு, பாஸ்புக்கில் 7,000 என்று இருந்தால், பாதி நாள்தான் வேலைக்கு வந்தீர்கள் என்று கம்பெனி கணக்குக் காட்டியிருக்கிறது. முழு மாதமும் ஷிப்டுக்குப் போனவருக்கு இது அப்பட்டமான திருட்டு. வரவான தேதியும் கவனிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மாதமும் நாற்பது, ஐம்பது நாள் தள்ளிப் போகிறதென்றால், கம்பெனி உங்கள் பணத்தைச் சுழற்சிக்கு எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அடியோடு நின்றுபோகும் முன்னால் பெரும்பாலும் இப்படித்தான் தாமதம் கூடிக்கொண்டே போகும்.

வீண் கவலைகளும் உண்டு. வருட வட்டி ஏறத் தாமதமாவது பி.எஃப். அமைப்பின் வேலை, முதலாளி மேல் தப்பில்லை. கம்பெனி மாறியவர்களுக்குப் பழைய உறுப்பினர் எண்ணில் ஒரு பாஸ்புக், புதியதில் ஒரு பாஸ்புக் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பார்க்காமல் "பணம் போய்விட்டது" என்று பதற வேண்டாம். சில பெரிய நிறுவனங்கள் சொந்த டிரஸ்ட் வைத்து பி.எஃப். நடத்துகின்றன. அங்கே கணக்கு விவரத்தை அந்த டிரஸ்டிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடும் பக்கம் ஒன்று உண்டு. கம்பெனி எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டியிருக்கிறது, எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறது என்று அங்கே யாரும் பார்க்கலாம், பாஸ்வேர்டு தேவையில்லை. இருநூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் அறுபது பேருக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால் அந்தப் பக்கமே சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புகாருக்கு முன்னால் சேர்க்க வேண்டியவை

முதலாளியிடம் பேசுவதற்கு முன்பே ஆதாரத்தைச் சேர்த்துவிட வேண்டும். பேசிய பிறகு அட்டெண்டன்ஸ் செயலியில் உங்கள் பெயர் நீக்கப்படலாம், வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிடலாம்.

சம்பளச் சீட்டுகள்தான் முதல் ஆதாரம். சீட்டே கொடுக்காத இடமென்றால், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட் போதும். கையில் ரொக்கமாக வாங்குபவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். அவர்கள் அடையாள அட்டை, வருகைப் பதிவின் புகைப்படம், ஷிப்டு போட்டு வந்த வாட்ஸ்அப் செய்தி, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டை, சம்பள உறையின் மேல் எழுதிய கணக்கு என்று கிடைத்ததையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். உறையின் மேல் பேனாவால் "26 நாள், ஓ.டி. 14 மணி, பி.எஃப். போக 12,900" என்று சூப்பர்வைசர் எழுதியிருந்தால், அந்த உறை மதிப்புள்ள ஆவணம். எல்லாவற்றையும் கம்பெனி கம்ப்யூட்டரிலோ கம்பெனி மெயிலிலோ வைக்காமல் உங்கள் சொந்த போனிலும் வீட்டில் ஒரு கோப்பிலும் வையுங்கள்.

பிறகு ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். சண்டை வேண்டாம். "சார், என் பாஸ்புக்கில் ஜூலை, ஆகஸ்ட் மாதப் பணம் வரவில்லை. சம்பளத்தில் பிடித்தம் இருக்கிறது. எப்போது ஏறும் என்று சொல்லுங்கள்" என்று ஒரு மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ போதும். சில நேரம் ஆதாரில் பெயர் எழுத்து மாறியிருப்பதால் தொகை ஏறாமல் நின்றிருக்கும், கேட்டவுடன் சரியாகிவிடும். பதில் வரவில்லை என்றாலும் நீங்கள் கேட்ட தேதி பதிவாகிவிட்டது. "அடுத்த மாதம் கட்டிவிடுகிறோம்" என்ற பதிலை ஒரு முறை ஏற்கலாம். இரண்டாவது மாதமும் அதே பதில் வந்தால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

காலம் கடத்தக் கூடாது என்பதற்கு இப்போது சட்டக் காரணமும் சேர்ந்திருக்கிறது. 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தில் பாக்கியை விசாரிக்கக் காலவரம்பு இல்லை. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பிரச்சினை எழுந்ததிலிருந்து ஐந்தாண்டுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்கிறது. ரிட்டயர் ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கதவு மூடியிருக்கலாம்.

புகார்

வீட்டிலிருந்தே கொடுக்கலாம். பி.எஃப். அமைப்பின் குறைதீர்ப்பு இணையதளத்தில் யு.ஏ.என்.னைப் போட்டுப் புகாரைப் பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். ஆனால் கட்டாத பாக்கி என்பது பெயர்த் திருத்தம் போன்ற சின்ன விஷயமில்லை. அதனால் தாளில் எழுதிய புகாரையும் உங்கள் கம்பெனி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சென்னையில் ராயப்பேட்டை, அம்பத்தூர், தாம்பரம், வெளியே கோவை, சேலம், மதுரை என்று மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் உறுப்பினர் எண்ணின் முதல் ஐந்து எழுத்துகளே எந்த அலுவலகம் என்று காட்டிக்கொடுக்கும்.

புகாரில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். மாதமும் தொகையும் இருந்தால் போதும். இந்த மாதிரி எழுதலாம்:

> அனுப்புநர்: (உங்கள் பெயர், யு.ஏ.என்., நிறுவனத்தின் பெயர், நிறுவனக் குறியீட்டு எண்). பெறுநர்: மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்கள்.
>
> பொருள்: சம்பளத்தில் பிடித்த பி.எஃப். தொகையை நிறுவனம் செலுத்தாதது குறித்து.
>
> ஐயா, நான் மேற்கண்ட நிறுவனத்தில் 2022 ஜூன் முதல் தையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் யு.ஏ.என்., நிறுவனக் குறியீட்டு எண் ஆகியவற்றை மேலே கொடுத்துள்ளேன். 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் என் சம்பளத்தில் மாதம் ரூ.1,680 வீதம் ரூ.10,080 பிடிக்கப்பட்டுள்ளது. இந்த மாதங்களுக்கு என் பாஸ்புக்கில் எந்த வரவும் இல்லை. நிறுவனத்தின் பங்கும் வரவில்லை. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டும் பதில் இல்லை. பாக்கியைத் தீர்மானித்து வட்டியுடன் வசூலித்து என் கணக்கில் சேர்க்கவும், பிற தொழிலாளர்களின் கணக்கையும் ஆய்வு செய்யவும் வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: சம்பளச் சீட்டு நகல், பாஸ்புக் நகல், நிறுவனத்துக்கு அனுப்பிய மெயில் நகல்.

"பிற தொழிலாளர்களின் கணக்கையும்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒருவருடைய பாக்கியை மட்டும் சத்தமில்லாமல் கட்டிவிட்டுக் கோப்பை மூடவைப்பது கம்பெனிகளுக்குப் பழகிய வழி. மொத்தக் கணக்கையும் பாருங்கள் என்று கேட்டால்தான் விசாரணை விரியும். காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர்கள் காண்ட்ராக்டரின் பெயரோடு, வேலை நடக்கும் மருத்துவமனை, ஆலை அல்லது நகராட்சியின் பெயரையும் எழுத வேண்டும். காண்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு வரும். அவர்கள் கட்டிவிட்டு, காண்ட்ராக்டரின் பில்லில் கழித்துக்கொள்ளலாம். துப்புரவு வேலையிலும் செக்யூரிட்டி வேலையிலும் காண்ட்ராக்டர் வருடத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருக்கும்போது இந்த ஒரு விதிதான் தொழிலாளிக்குப் பிடிமானம்.

அதன் பிறகு என்ன நடக்கும்

அலுவலகம் முதலில் நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பும். ஆய்வாளர் வந்து பதிவேடுகளைப் பார்ப்பார். பாக்கி எவ்வளவு என்பதில் தகராறு இருந்தால் ஆணையர் முன் விசாரணை நடக்கும். பழைய சட்டப் பிரிவின் பேரில் இதை "7ஏ விசாரணை" என்றே அலுவலகத்திலும் சங்கத்திலும் சொல்வார்கள். நீதிமன்றத்தைப் போலவே சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அங்கே அதிகாரம் உண்டு. அழைத்தால் கட்டாயம் போங்கள். தொழிலாளி வராத விசாரணையில் கம்பெனி கொடுக்கும் பெயர்ப்பட்டியல்தான் உண்மையாக நின்றுவிடும்.

தொகையைத் தீர்மானித்த பிறகும் கட்டாவிட்டால் கம்பெனியின் வங்கிக் கணக்கை முடக்கிப் பணம் எடுக்கலாம், சொத்தை ஜப்தி செய்யலாம். 1952 சட்டப்படி தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதமும் உண்டு. 2024 ஜூன் முதல் அந்த அபராதம் பாக்கியில் மாதத்துக்கு 1 சதவீதம். தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது தனிக் குற்றம். அதற்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையைச் சட்டம் சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்படி அது நம்பிக்கை மோசடியும்கூட. உங்கள் பணத்தைப் பிடித்த நொடியிலிருந்து அதை உங்களுக்காக ஒப்படைத்த பணமாகவே சட்டம் பார்க்கிறது. "பிசினஸ் டல், பேமென்ட் வரவில்லை" என்பது அந்தப் பணத்தை நூல் வாங்கவும் கரண்ட் பில் கட்டவும் எடுத்துக்கொள்ளக் காரணமாகாது.

முதலாளிக்கு வரி இழப்பு வரவும் வாய்ப்பு உண்டு. பேசும்போது இதைச் சொன்னால் சில இடங்களில் உடனே வேலை நடக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, தொழிலாளியின் பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால், வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் உறுதி செய்தது. இதைக் கம்பெனியின் ஆடிட்டர் நன்றாக அறிவார்.

இதெல்லாம் ஒரே மாதத்தில் நடந்துவிடாது. புகார் மேசையில் தூங்கும். அப்போது மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். அமைப்பு நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' முகாமுக்குப் பதிவு எண்ணோடு போய் நில்லுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடுங்கள். "என் புகார் மேல் எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு யாரிடம் இருக்கிறது" என்ற இரண்டு கேள்வி போதும். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கோப்பு மேசையிலிருந்து எழுந்துவிடும்.

வேலை போய்விடுமே

பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். புகார் கொடுத்தவரைப் பிரிவு மாற்றுவதும், ஓ.டி. தராமல் விடுவதும் நடக்கிறது. அலுவலகம் கடிதம் அனுப்பும்போது யார் புகார் என்பது தெரிந்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. ஆகவே தனியாகப் போவதைவிடச் சேர்ந்து போவது நல்லது. ஒரே லைனில் பத்துப் பேர் பாஸ்புக்கைத் திறந்து பார்த்து, பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டால் யாரை விலக்குவது என்று நிர்வாகம் யோசிக்கும். தொழிற்சங்கம் இருந்தால் சங்கத்தின் பேரிலேயே புகார் போகட்டும், உங்கள் பெயர் தனித்துத் தெரியாது. சங்கமே இல்லாத இடத்தில், ஏற்கெனவே வேலையை விட்டுப் போன பழைய தொழிலாளி ஒருவர் புகார் கொடுக்க முன்வரலாம். அவருக்கு இழக்க எதுவும் இல்லை, பாக்கியும் அவருக்கு உண்டு.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தரும்.

பி.எஃப்.போடு சேர்ந்து நிற்பவை

பி.எஃப். நின்ற இடத்தில் பெரும்பாலும் மற்றவையும் நின்றிருக்கும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டால் அல்லது நீக்கினால் இரண்டு வேலை நாளில் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்பு. கொடுக்காத சம்பளத்துக்கு மூன்றாண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம். அங்கே "கொடுத்துவிட்டேன்" என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கு. ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். அதையும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாத கம்பெனி மேல் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும், பி.எஃப். புகார் அதற்குச் செல்லாது. வருமான வரி பிடிக்கிறார்கள் என்றால் வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பேரில் அது ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாவிட்டாலும், பிடித்த வரியை உங்களிடம் மறுபடி வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் சம்பளச் சீட்டைக் காட்டித்தான் அதை நிறுவ வேண்டும்.

வேலையை விட்டவர்களும் மூடிய கம்பெனியும்

வேலையை விடும்போது "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவார்கள். பாஸ்புக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், "2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பி.எஃப். பாக்கி நீங்கலாக" என்று உங்கள் கையாலேயே எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். விலகிய தேதியைக் கம்பெனி பதியாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் வந்து இரண்டு மாதம் ஆனபின் யு.ஏ.என். தளத்தில் நீங்களே அதைப் பதியலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருந்தால் பணம் எடுக்கும் மனுவுக்கு முதலாளி கையெழுத்து தேவையில்லை. அதற்காக அவர் வாசலில் நிற்க வேண்டாம்.

கம்பெனி இழுத்து மூடப்பட்டாலும் பாக்கி அழியாது. ஆலையின் மேல் வங்கிக்கு அடமானம் இருந்தாலும் பி.எஃப். பாக்கிக்கே முன்னுரிமை என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லியிருக்கிறது. திவால் நடவடிக்கை தொடங்கியிருந்தாலும், பி.எஃப்., ஓய்வூதியம், பணிக்கொடை நிதிகளில் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய தொகை, கடன்காரர்களுக்குப் பங்கிடும் சொத்தில் சேராது. திவால் விவகாரத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவர் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, எந்தத் தேதிக்குள் உரிமை கோர வேண்டும் என்று அறிவிப்பார். தொழிலாளர்களுக்கு அதில் 'டி' படிவம். பல பேர் சேர்ந்து கோருவதென்றால் 'இ' படிவம். அந்தத் தேதிக்குள் பாக்கிச் சம்பளத்துக்கும் பி.எஃப்.புக்கும் மாதவாரிக் கணக்கோடு கோரிக்கையைக் கொடுத்துவிட்டு, அதே நகலை பி.எஃப். மண்டல அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அலுவலகம் தன் பங்குக்குத் தனியாக உரிமை கோர, எந்தக் கம்பெனி, எத்தனை பேர், எந்த மாதத்திலிருந்து என்ற விவரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.